முடிச்சூர் மனை: செம்பரம்பாக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது

வணக்கம். சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் அடையாற்றுக்குப் பக்கத்தில் மனை பார்த்திருக்கிறீர்கள். 2015 வெள்ளம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்தது, இனி வராது என்று தரகர் சொன்னாராம். தயவுசெய்து அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் பக்கத்து வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு முன்பே, ஆறு வரும் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே புகுந்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அந்தப் பக்கம் வயலாகக் கிடந்ததெல்லாம் இப்போது வீடும் சிமென்ட் தரையும். முன்பு மண் குடித்த மழை இப்போது நேரே ஆற்றுக்கு ஓடுகிறது. ஆற்றை அகலப்படுத்தியது நல்லதுதான், ஆனால் ஆறு வரும் பக்கத்தில் வீடுகள் பெருகப் பெருக அந்த அகலமும் போதாமல் போகலாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பழைய கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமப் பதிவேடு) வாங்கி, சர்வே எண்ணை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் 2015 தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு இன்னும் தெரிந்தால், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து அதே மட்டத்தை உங்கள் மனையில் ஒரு கம்பில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு அழிந்திருந்தால் அந்தத் தெருவில் 2015-க்கு முன்பிருந்தே இருப்பவர்களைக் கேளுங்கள், எந்தப் படிவரை ஏறியது என்று காட்டுவார்கள். அந்தக் கம்பில் குறி இடுப்புக்கு மேல் வந்தால், என் கருத்தில், அந்த மனை வேண்டாம்.

மனைப்பிரிவுக்கு நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். எந்த மட்டம்வரை மண் நிரப்ப வேண்டும் என்று அதில் இருக்கும்.