எட்டா, ஒன்பதா, பத்தரையா? – படகு மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 25 அடி ஃபைபர் போட். 9.9 குதிரைத்திறன் மோட்டார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறோம். புரொப்பெல்லரில் 9 1/4 × 10 1/2 என்று போட்டிருக்கிறது. போகும்போது பரவாயில்லை. வலை, ஐஸ், மீன் என்று நிறைந்து திரும்பும்போது மோட்டார் முக்குகிறது, கரும்புகை தள்ளுகிறது. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் மீட்டர் இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தோம். முழுக்க முறுக்கினால் போகும்போது 4700, திரும்பும்போது 4300. பாரத்தோடு வேகம், போன் ஜிபிஎஸ்ஸில் 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கி.மீ.). 12 பிட்ச் போட்டால் வேகம் கூடும் என்கிறார் மச்சான். பிளேடு நுனியை அராவிவிட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், கோடியக்கரை

பதில்: இரண்டு பேச்சும் வேண்டாம், தம்பி. நீங்கள் மீட்டர் கட்டிப் பார்த்தீர்களே, அதை நம்புங்கள். இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களில் பலர் வேகத்தை மட்டும் சொல்வார்கள். நீங்கள் ஆர்பிஎம்மை, அதுவும் போகும்போதும் வரும்போதும் தனித்தனியாக எழுதியிருப்பதால் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச்: புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றினால், தண்ணீரில் வழுக்கல் ஏதும் இல்லாவிட்டால், எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பது. உங்களுடையது பத்தரை அங்குலம். மோட்டாரோடு வந்த கையேட்டில் முழு முறுக்கில் எவ்வளவு ஆர்பிஎம் ஓட வேண்டும் என்று இருக்கும். இந்த ரக இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் பெரும்பாலும் 4500 முதல் 5500 வரை. உங்கள் கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு 4300 என்றால் கீழ் எல்லையையே தொடவில்லை. மேட்டுச் சாலையில் நாலாவது கியரிலேயே ஏறப்பார்க்கும் பைக்கின் நிலைமைதான் உங்கள் மோட்டாருக்கு. இப்படியே ஓட்டினால் கரி படியும், பிஸ்டன் சூடேறும், ரிங் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரின் ஆயுளைத்தான் அந்தப் புகையில் பறக்கவிடுகிறீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்குப் பெட்ரோல் அளவு சக்தி கிடையாது. பெட்ரோலில் ஓட்டும் ஒருவர் போட்டிருக்கும் பிட்சை அப்படியே நீங்களும் போடுவது சரிவராததற்கு அதுவே போதுமான காரணம்.

இப்போது மச்சானின் கணக்கைப் பார்ப்போம். ஆர்பிஎம்மைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்சால் பெருக்கி, 1215ஆல் வகுத்தால் நாட் கணக்கில் வேகம் வரும். கியர் விகிதம் 2.08 (புரொப்பெல்லர் ஒருமுறை சுற்ற மோட்டார் 2.08 முறை சுற்றும்) என்று வைத்துக்கொண்டால், 4300இல் பத்தரை பிட்ச் கிட்டத்தட்ட 18 நாட் போக வேண்டும். போட் போவதோ 7. மீதியெல்லாம் தண்ணீரை அடித்துப் பின்னே தள்ளுவதிலேயே கரைகிறது. பாரம் ஏற்றிய 25 அடி போட்டை 9.9 மோட்டார் தண்ணீர்மேல் எழுப்பாது. அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் போகும். அதற்கு 12 பிட்ச் போட்டால் ஆர்பிஎம் இன்னும் விழும், வேகமும் விழும். எட்டு பிட்ச் போட்டாலும் கணக்கு 15 நாட் பக்கம் வருகிறது. அதையே உங்கள் போட் எட்டப்போவதில்லை எனும்போது, பிட்சைக் குறைத்தால் வேகம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

பிட்சை ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். இது தோராயம்தான், ஆனால் தேர்ந்தெடுக்கப் போதும். 9 பிட்ச் போட்டால் பாரத்தோடு 4500, 4600 வரும். எல்லையை ஒட்டியபடிதான் நிற்கும். 8 பிட்ச் போட்டால் 4700க்கும் 4800க்கும் பக்கம் வரும். பாரமில்லாமல் போகும்போது 5100, 5200 ஆகும், அதுவும் 5500ஐத் தாண்டவில்லை. அதனால் எட்டையே வாங்குங்கள். விட்டம் அதே 9 1/4 இருக்கட்டும். இப்போதைய 7 நாட்டை முழுக்க முறுக்காமலே எட்டிவிடுவீர்கள். அங்கேயே பிடித்து ஓட்டுங்கள். புதியதை மாட்டியபின் திரும்பும் பாரத்தோடு இன்னொருமுறை மீட்டரைக் கட்டுங்கள். நீரோட்டமும் காற்றும் ஏமாற்றும் என்பதால் ஒரே தூரத்தைப் போயும் வந்தும் ஓட்டிச் சராசரி எடுங்கள்.

அராவுவதைப் பற்றி. நுனியைத் தேய்த்தால் ஆர்பிஎம் கூடத்தான் செய்யும். ஆனால் கையால் அராவினால் மூன்று பிளேடும் ஒரே எடையில் நிற்காது. அதிரும், அதிர்வு ஷாஃப்ட் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்னும். சேதமில்லாத புரொப்பெல்லரை அரத்தின் கீழ் வைப்பதை நான் எந்தப் பட்டறையிலும் ஒப்புக்கொண்டதில்லை. அந்தப் பத்தரையை அப்படியே ஒரு ஸ்பேராகப் போட்டில் வையுங்கள், கூடவே புரொப்பெல்லர் நட்டைக் கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் இரண்டும் ஒரு ஸ்பேனரும்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் வாங்கலாமா? எங்கள் பக்கம் கடலடிப் பார் (பாறை) அதிகம்.
— வாசகர், பாம்பன்

பதில்: பார் உள்ள இடத்தில் அலுமினியமே நல்லது. இடித்தால் பிளேடு வளையும் அல்லது உடையும், அதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஸ்டீல் வளைந்துகொடுக்காது, அந்த அடி ஹப்புக்கும் ஷாஃப்டுக்கும் கியருக்கும் போகும். ஸ்டீல் பிளேடு மெல்லியது, விரைந்து ஓடும் போட்டில் அதன் பலன் தெரியும். மெதுவாக ஓடும் வலைப் போட்டுக்கு அந்தக் காசு தண்டம்.

கேள்வி: மோட்டார் திடீரென்று அலறுகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது, போட் நகர மறுக்கிறது. புரொப்பெல்லர் பிட்ச் தவறா?
— வாசகர், தரங்கம்பாடி

பதில்: நேற்றுவரை சரியாக ஓடியது என்றால் பிட்சைச் சந்தேகிக்காதீர்கள். புரொப்பெல்லரின் நடுவில் ஒரு ரப்பர் ஹப் இருக்கிறது. அது பிடி விட்டிருக்கலாம். கழற்றி, உள்ளே இருக்கும் உலோகக் குழாயிலிருந்து ரப்பரைக் கடந்து வெளி வளையம்வரை பெயின்டால் ஒரே கோடு இழுங்கள். காய்ந்ததும் மாட்டி ஓட்டுங்கள். கோடு விலகியிருந்தால் ஹப் போய்விட்டது, மாற்ற வேண்டும். அதுவரை மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம்.

கோடு நேராகவே இருந்தால் மோட்டாரின் உயரத்தைப் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு போட்டின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் அலையில் காற்றை உறிஞ்சும், அப்போதும் இதே அலறல்தான். 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குல ஷாஃப்ட் மோட்டாரை மாட்டியிருந்தால் எந்தப் புரொப்பெல்லரும் உதவாது.

கழற்றியதும் ஷாஃப்டில் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அது ஆயில் சீலை அறுக்கும், தண்ணீர் உள்ளே போகும். கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் அன்றே சீலை மாற்றிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட் பற்களில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.