யுகுலேலேத் தந்தி: கடலோர வீட்டுக்கு எது பொருந்தும்?

உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். உறவினர் ஒருவர் கொடுத்த யுகுலேலேயை, அதாவது நான்கு தந்திகளுள்ள சிறு கிட்டார் போன்ற வாத்தியத்தை, அவருடைய மகள் பழகி வருகிறார். காலையில் சேர்த்த சுருதி பின்னேரத்துக்குள் இறங்கிவிடுகிறது. மேல் மெட்டுகளில் (கழுத்தில் கம்பிகளால் பிரிக்கப்பட்டு விரல் அழுத்தும் இடங்கள்) வாசித்தால் அபசுரம் கேட்கிறது. திருகோணமலை நகரில் விசாரித்த கடையில் எஃகுக் கிட்டார் தந்திகளே இருந்தன. அவற்றைப் போடலாமா, வேறு எதை வாங்குவது, வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பன அவருடைய கேள்விகள்.

எஃகுத் தந்தி வேண்டாம். மிக மெல்லிய எஃகைத் தேர்ந்து, இழுவிசையைக் கணக்கிட்டு ஏற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கும் கிட்டார் தொகுதி அப்படித் தேர்ந்தெடுத்ததல்ல. அதிலுள்ள தடித்த தந்திகளை யுகுலேலேயின் சுருதிக்கு முறுக்கினால், மெல்லிய மேற்பலகையில் பசையால் மட்டும் ஒட்டப்பட்டு, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் குதிரை பெயர்ந்துவிடலாம். மெல்லிய தந்திகளோ குதிரையின் மர விளிம்பையும், கழுத்தின் தலைமாட்டில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையின் பள்ளங்களையும் அறுத்துவிடும்.

வாங்குவதற்கு முன், பழுது தந்தியில்தானா என்று பாருங்கள். ஒவ்வொரு தந்தியின் அடிப்பக்கத்தையும் நகத்தால் மெதுவாக வருடினால், அடிக்கடி அழுத்தப்படும் மெட்டுகளுக்கு நேரே சிறு பள்ளங்கள் தட்டுப்படும். அப்படித் தேய்ந்த தந்தியின் தடிப்பு எங்கும் ஒரே சீராக இராததால் சுருதி பொய்க்கும். அடுத்து, 12ஆம் மெட்டின் கம்பிக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டுத் தட்டினால் மணி போன்ற ஒலி எழும். அதே மெட்டில் அழுத்தித் தட்டும்போதும் அதே சுரம் வர வேண்டும். ஒரு தந்தியில் மட்டும் வேறுபட்டால் அந்தத் தந்திதான் காரணம். நான்கிலும் ஒரே மாதிரி வேறுபட்டால் குதிரையையோ தலைமாட்டுக் கட்டையையோ சந்தேகிக்க வேண்டும்.

பிறகு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். தலைமாட்டுக் கட்டையிலிருந்து 12ஆம் மெட்டின் கம்பி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் தந்தி அதிரும் நீளம் கிடைக்கும். ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் வந்தால் அது சொப்ரானோ, 38 என்றால் கொன்சேர்ட், 43 என்றால் டெனர், 48 அல்லது அதற்கு மேல் என்றால் பரிடோன். முதல் மூன்றுக்கும் ஜி, சி, ஈ, ஏ என்பதே வழமையான சுருதி. சொப்ரானோவுக்கும் கொன்சேர்ட்டுக்கும் பெரும்பாலும் ஒரே தொகுதியை விற்கிறார்கள். பரிடோன் டி, ஜி, பி, ஈ என்று சேர்க்கப்படுவது. அதற்குத் தனித் தொகுதி வேண்டும். கிட்டார் பழகியவர்கள் முகத்துக்கு அருகிலுள்ள தந்திதான் மிகத் தடித்தது என்று எண்ணி ஏமாறுவதுண்டு. வழமையான யுகுலேலேயில் அந்த ஜி மெல்லியது, பக்கத்திலுள்ள சி, ஈ இரண்டையும்விட உயர்ந்த சுரம் தருவது. தொகுதியில் மிகத் தடித்தது சி.

இனிப் பொருள். நைலோன் மலிவானது, இனிய ஒலி தருவது, ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கச்சான் வீசும் மாதங்களில் உலர்ந்தும், வாடை தொடங்கி மழை பிடித்ததும் ஈரித்தும் போகும் நம் கரையில், நைலோன் ஏற்றிய வாத்தியத்தின் சுருதி ஓரிடத்தில் நிற்காமல் அலைவது இயல்பே. புளோரோகார்பன் என்ற வேறொரு பிளாஸ்டிக் இழை ஏறத்தாழ ஈரமே உறிஞ்சாது. அதன் அடர்த்தியும் கூடுதல்: நைலோன் ஒரு கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 1.14 கிராம் என்றால் இது சுமார் 1.78 கிராம். அதனால் அதே சுரத்துக்கு மெல்லிய தந்தியே போதும், ஒலியும் தெளிவாகும். சிறுமியின் விரலுக்கு அது சற்று இறுக்கமாகத் தோன்றலாம், சில நாளில் பழகிவிடும். இத்தாலியின் அக்குவிலா நிறுவனம் மிருகக் குடலில் திரித்த பழங்காலத் தந்தியின் ஒலியைப் பின்பற்றிச் செய்யும் நைல்கட் என்ற வெண்ணிறத் தந்தியும் நல்லதே. தடிப்பு கூடியதால் சில வேளைகளில் பழைய பள்ளங்களில் சரியாக அமராது. உப்புக்காற்று படும் வீட்டுக்கு என் தேர்வு புளோரோகார்பன்தான். உலோகம் சுற்றிய தந்தி இங்கே விரைவில் கறுத்து மங்கும். ஜி தந்தியை ஒரு ஸ்தாயி தாழ்த்திச் சேர்க்கும் ‘தாழ்ந்த ஜி’ வேண்டுமென்று குறிப்பாக விரும்பினால் ஒழிய அதை நாட வேண்டியதில்லை.

கொழும்பிலிருந்து வரவழைக்கும் வரை காத்திருக்க முடியாவிட்டால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கிளாசிக்கல் கிட்டாருக்கான நைலோன் தந்திகள். அதன் முதல் தந்தியை ஏ, ஜி இரண்டுக்கும், இரண்டாவதை ஈக்கும், மூன்றாவதைச் சிக்கும் பயன்படுத்தலாம். முதல் தந்தி மட்டும் கூடுதலாக ஒன்று வேண்டும். மற்றது மீன்பிடிச் சாமான் கடை. தூண்டிலின் முன்பகுதியில் கட்டும் புளோரோகார்பன் இழையும் யுகுலேலேத் தந்தியும் ஒரே மூலப்பொருள்தான். கொன்சேர்ட் அளவுக்கு ஏ சுமார் 0.52, ஈ 0.66, சி 0.74, ஜி 0.57 மில்லிமீற்றர் என்று தேடுங்கள். உறையில் பெரிதாக அச்சிட்ட இறாத்தல் எண் அறுபடும் வலுவைக் குறிப்பது. நமக்கு வேண்டியது விட்டம். சாதாரணத் தங்கூசியைத் தந்துவிடப் போகிறார்கள்: அது நைலோன், இதே தடிப்பில் ஏற்றினால் தொய்ந்து கிடக்கும். நான்கு தடிப்புக்கு நான்கு சுருள் வாங்கும் செலவைப் பார்த்தால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கும்போதுதான் இந்த வழி கட்டுப்படியாகும்.

மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். நான்கையும் ஒன்றாகக் கழற்ற வேண்டாம். ஒன்றைக் கழற்றி ஏற்றிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பக்கத்துத் தந்தியின் கட்டு கண்முன் மாதிரியாக இருக்கும், குதிரை மேலுள்ள வெள்ளைப் பட்டையும் விழுந்து தொலையாது. குதிரையில் துளை இருந்தால், தந்தியை ஒலித்துளைப் பக்கமிருந்து உள்ளே விட்டுப் பின்பக்கம் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் வெளியே இழுங்கள். அந்த நுனியைக் குதிரையின் மேலாக முன்னே கொண்டுவந்து, தந்தியின் அடியால் நுழைத்து, திரும்பவும் பின்னோக்கித் தன் வளையத்துக்குள்ளேயே செருகுங்கள். மெல்லிய ஏ தந்திக்கு இரண்டு மூன்று முறை செருகுவது பாதுகாப்பு. கடைசிச் செருகல் குதிரையின் மேல் முகட்டில் நிற்காமல் பின் விளிம்புக்குக் கீழே இறங்கி நின்றால்தான், இழுக்க இழுக்கக் கட்டு இறுகும். முகட்டில் நின்றால் முறுக்கும்போதே வழுகி அவிழும். துளைக்குப் பதிலாகக் கீறல் இருந்தால், நுனியில் முடிச்சிட்டு உள்ளே தள்ளினால் போதும்.

மறுமுனையை முறுக்காணியின் துளையில் கோத்து, இரண்டு மூன்று சுற்று வரும் அளவுக்கு மட்டும் தளர்வு விட்டு, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்கும்படி முறுக்குங்கள். தந்தி முறுக்காணியின் உட்பக்கத்திலிருந்து வர வேண்டும். முறுக்கும்போது ‘டிக்’ என்று ஒலித்துச் சுருதி திடீரெனத் தாவினால், தந்தி தலைமாட்டுப் பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துவிடுங்கள். முறுக்காணி பற்சக்கரம் இல்லாத பழைய வகையானால், தந்தியைக் குறை கூறுமுன் அதன் தலையிலுள்ள திருகாணியைச் சற்று இறுக்கிப் பாருங்கள். சுருதி தானாக இறங்குவதற்கு அதுவும் ஒரு வழமையான காரணம்.

ஏற்றிய முதல் சில நாட்களுக்குப் புதுத் தந்தி நீண்டுகொண்டே இருக்கும். ஒரு வாரம் வரைகூட ஆகலாம். சுருதி சேர்த்து, 12ஆம் மெட்டருகே தந்தியைப் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு, மறுபடி சேர்த்துவந்தால் விரைவில் நிலைக்கும். வாத்தியத்தை வெயில் படும் ஜன்னலோரத்திலோ பூட்டிய வாகனத்திலோ வைக்க வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் சிறிது நேரம் விட்டுச் சுருதி சேருங்கள். தினமும் வாசிப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தந்தி மாற்றுவது போதுமானது.

தந்தி நிலைத்த பிறகும் முதல் இரண்டு மெட்டுகளில் மட்டும் சுரம் உயர்ந்து ஒலித்தால், தலைமாட்டுக் கட்டையின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன. அதை அராவுவது ஒரு மயிரிழை அளவு வேலை. கூடிப்போனால் கட்டையையே மாற்ற நேரும். ஆகவே அதைமட்டும் கிட்டாரோ வயலினோ திருத்துபவரிடம் கொடுங்கள்.