கொத்தனாரின் அட்டை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

முறைசாராத் தொழிலாளர்களும் தொழிலாளர் சட்டங்களின் பக்கமே நிற்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அரசு வங்கியில் 32 ஆண்டுகள் பணிசெய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் பூர்வீக வீட்டைச் சீர்செய்து வருகிறேன். பூச்சு வேலைக்கு வந்த கொத்தனாரிடம் இதைக் கேட்டபோது, "சட்டமெல்லாம் ஒங்கள மாதிரி மாசச் சம்பளக்காரவுகளுக்குய்யா" என்று முடித்துவிட்டார். நிரந்தர வேலையின் உள்ளே இருப்பவரைச் சட்டம் மிகையாகக் காப்பதால்தான் வெளியே நிற்பவருக்கு இடம் கிடைப்பதில்லை என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் கூறுகிறார்கள். அப்படியானால் இவர் போன்றவர்கள் அச்சட்டங்களை எதிர்ப்பதுதானே இயல்பு?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கொத்தனார் சொன்னது உண்மை. ஆனால் அதை எதிர்ப்பாக நீங்கள் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு வந்து சேரவில்லை என்று ஒருவர் சொல்வது வேறு, யாருக்கும் வேண்டாம் என்பது வேறு.

அறிஞர்கள் சுட்டும் சட்டம், ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி கேட்ட சட்டமாகும். 100 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் ஆலைகளுக்கு இருந்த அந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 300 பேருக்கு என்று மாறியது. உங்கள் வீட்டு வேலையில் ஒரு கொத்தனார், ஒரு பெரியாள், இரண்டு சித்தாள்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்புநிதிக்கு 20 பேர், ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு 10 பேர் என்று எண்ணித் தொடங்கும் சட்டங்களின் வரம்பை எட்டாமலேயே அவர்களுடைய வாழ்நாள் கழிந்துவிடுகிறது. 100ஐ 300 ஆக்கினாலும் 1,000 ஆக்கினாலும் அவர்கள் கூலியில் ஒரு காசு கூடப்போவதில்லை. அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் 2004-05ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது, நாட்டின் உழைப்பாளர்களில் 92 விழுக்காட்டினர் இப்படிப்பட்ட பாதுகாப்பற்ற பணியில்தான் இருந்தார்கள்.

எண்ணிக்கையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆத்தங்குடியில், கண்ணாடிமேல் சாயச் சிமென்டை ஊற்றிப் பூவும் கொடியும் எழுப்பும் ஒருவரோடு சில ஆண்டுகளுக்கு முன் நெடுநேரம் பேசினேன். பட்டறைக்காரரை அவர் அண்ணன் என்றுதான் குறிப்பிட்டார். மனைவிக்கு நள்ளிரவில் நோய் முற்றியபோது வண்டி வைத்து மருத்துவமனைக்கு அனுப்பியவர், தீபாவளிக்குத் துணியும், பிள்ளைகளின் பள்ளித் திறப்புக்கு முன்பணமும் தருபவர் அந்த அண்ணன். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "அண்ணன் மேல எப்படிய்யா மனுப் போடுறது?" என்று கேட்டார். மாதச் சம்பளக்காரருக்குச் சட்டம் வேலையில் சேர்ந்த அன்றே உடன் வந்துவிடுகிறது; அவருக்கோ அது உறவு முறிந்த அன்று மட்டும் எடுக்க வேண்டிய பொருளாக இருக்கிறது, அந்த முறிவை அவரால் தாங்க முடியாது. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் செட்டிநாட்டு மண்ணுக்கு எழுத்து ஒப்பந்தம் புதியதும் அன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடையை நடத்தப் போன மேலாள், மூன்றாண்டுக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறினார். உறவுக்காரருக்கே எழுத்து தேவைப்பட்ட ஊரில், அந்தப் பணத்தில் எழுந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கும் இன்று அவற்றைப் பழுதுபார்ப்பவர்களுக்கும் வாய்ச்சொல்லே போதும் என்று ஆகிவிட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

கூலி வேலை செய்பவர்கள் உரிமையோடு பேசும் சட்டம் ஒன்று உண்டு. நலவாரியத்தில் பதிந்து பெறும் அட்டையின் பெயரால் அதை அவர்கள் 'வாரிய அட்டை' என்பார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982இல் இயற்றிய சட்டத்தின் கீழ், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் அமைந்தது. அது முதலாளி யார் என்று தேடி அலைவதில்லை. எழும் கட்டடங்களின் மதிப்பில் 1 விழுக்காட்டைத் தீர்வையாகப் பெற்று, பிள்ளைகளின் படிப்புக்கும் மகப்பேற்றுக்கும் விபத்துக்கும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கும் உதவி தருகிறது. எந்த அண்ணனையும் பகைத்துக்கொள்ளாமல் பெறக்கூடியது என்பதாலேயே, புதுப்பிக்கும் அலைச்சலைத் திட்டிக்கொண்டாவது அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதே, அந்த வாரத்தில் காரைக்குடித் தேநீர்க்கடையில் நிம்மதியோடு அதைப் பேசியவர்கள் கூலி ஆட்கள். அந்தச் சட்டம் அவர்களுடையது அன்று. ஆனால் ஶ்ரீபெரும்புதூர் ஆலைகளில் அவர்களுடைய பிள்ளைகள் வேலைசெய்கிறார்கள். அறிஞர்கள் உள்ளே, வெளியே என்று பிரிக்கும் இருவரும் நம் ஊரில் பெரும்பாலும் ஒரே குடும்ப அட்டையில் இருப்பவர்கள்.

உங்கள் கேள்வியில் என்னைச் சுட்ட பகுதியும் உண்டு. இளமையில் நான் எழுத்தராக இருந்த நூற்பாலையில், ஒப்பந்த ஆட்களை 480 நாள் நிறைவதற்குள் நிறுத்தி, இடைவெளி விட்டுப் புதியவர்களைப் போலச் சேர்ப்பார்கள். 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போனஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய கூட்டங்களில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. சட்டத்தைத் தன் சொத்தாகக் கருதும் பழக்கம் நிரந்தரப் பணியாளரிடம்தான் இருக்கிறது. உங்கள் கொத்தனாரின் சொல் அதைத்தான் குத்துகிறது.

இன்றைக்கு அவருக்கு வேலை தருபவர் நீங்கள். அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுமான வேலையில் இருப்பதற்கான சான்று கேட்பார்கள். வேலை கொடுத்தவர் என்ற முறையில் அதை நீங்கள் எழுதித் தரலாம். அவருடைய அட்டை புதுப்பித்த நிலையில் இருக்கிறதா, கூட வரும் சித்தாள் பெண்களுக்கு அட்டை இருக்கிறதா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.