தோட்டத்துத் தண்ணீர் வால்வும் 120 வோல்ட் விளக்கு வயரும் மண்ணில் புதைக்கும் ஒரே குழிப்பெட்டியில் இருக்கலாமா?

அமெரிக்க வீட்டுத் தோட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தனித்தனியாகவே வையுங்கள்.

அங்குள்ள மின் விதித்தொகுப்பான என்.இ.சி.யின் 300.8 பிரிவு, மின்கம்பி போகும் குழாயிலும் கேபிள்களைத் தாங்கும் தட்டிலும் (கேபிள் ட்ரே) தண்ணீர், எரிவாயு, நீராவி, காற்று, வடிகால் என வேறு எந்தக் குழாயும் கூடாது என்கிறது. குழிப்பெட்டியை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, உண்மைதான். ஆனால் மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுக்கு வரும் 24 வோல்ட் வயர் பெரும்பாலும் 'கிளாஸ் 2', அதாவது மின்சக்தி குறைவாகக் கட்டுப்படுத்தப்பட்ட வகை. அதையும் 120 வோல்ட் வயரையும் நடுவில் தடுப்பு இல்லாமல் ஒரே பெட்டிக்குள் விட, பொதுவாக 725ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

அப்புறம் 314.30 பிரிவு. மின் குழிப்பெட்டியின் மூடியில் 'எலக்ட்ரிக்' என்பது போன்ற அடையாளம் வேண்டும். மூடியைத் திறக்கக் கருவி தேவைப்பட வேண்டும், இல்லையென்றால் அது 45 கிலோவுக்கு மேல் எடை இருக்க வேண்டும். உள்ளே உள்ள வயர் இணைப்புகள் ஈரத்துக்கு ஏற்றவையாக இருப்பதும் கட்டாயம்.

எனக்குப் பெரிய கவலை வால்வைப் பழுதுபார்க்க வருபவர்தான். சேற்றுத் தண்ணீரில் முழங்கைவரை கைவிட்டு வால்வைத் தேடுவார். அந்தச் சேற்றுக்குள் டேப் சுற்றிய 120 வோல்ட் இணைப்பு கிடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு பெட்டி வாங்கிப் புதைத்துவிடுங்கள்.