விஆர் கண்ணாடி வாங்கவா, மண்டபம் கட்ட விடவா?

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க: ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு பழைய கட்டடக்கலைய 3டில சொல்லிக் குடுக்கணும், லேப்ல பத்து பழைய கம்ப்யூட்டர் கிடக்கு, நெட் விட்டு விட்டு வருது, ஒருத்தர் நன்கொடையா ரெண்டு விஆர் கண்ணாடி (கண்ணுல மாட்டுனா 3டி உலகத்துக்குள்ளயே நிக்கிற மாதிரி காட்டுறது) தரேங்கிறாரு, வாங்கலாமா?

வேணாம் டீச்சர். ரெண்டு பேரு மாட்டிட்டு ஆன்னு பாப்பாங்க, மிச்சப் பேரு வரிசையில நின்னு அடிச்சுக்குவாங்க. அந்தக் காசுல கம்ப்யூட்டருக்கு ரேம் போடச் சொல்லுங்க. லுவான்டின்னு ப்ரீ சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு, முன்னாடி மைன்டெஸ்ட்னு பேரு, கட்டை கட்டையா அடுக்குறது, ஒரு தடவ டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல ஏத்திட்டா அப்பறம் நெட்டே வேணாம்.

ஆனா ஒரு வில்லங்கம். அதுல மணல் கட்டைக்கு அடியில ஒண்ணும் இல்லன்னா பொத்துன்னு விழுந்துரும், கல்லு விழாது. நான் நடத்துன கிளாஸ்ல ஒரு பய ஜம்முன்னு மண்டபம் கட்டிட்டு, நடக்க இடைஞ்சலா இருக்குன்னு நடுத்தூண் அம்புட்டையும் உருவிட்டான், கூரை அந்தரத்துல நிக்குது, அவனுக்கு சந்தேகமே வரல! கருங்கல் மேல இருந்து அமுக்குனா எம்புட்டு பாரமும் தாங்கும், அதையே நீட்டமா உத்திரமா போட்டா அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விட்டுரும், அதனாலதான் தூண நெருக்கி வச்சு, தூண் தலையில போதிகைய (உத்திரத்த தாங்குற கல்லு) ரெண்டு பக்கமும் நீட்டி இடைவெளிய இன்னும் கொறைச்சாங்க. மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூணு இருக்கே, அது வெறும் அழகுக்குன்னா நினைக்கிறீங்க?

அதனால மொத நாள் கம்ப்யூட்டர தொடவே விடாதீங்க. உங்க ஊர் கோயில் மண்டபத்துக்கு டேப்போட கூட்டிட்டுப் போயி தூணுக்கும் தூணுக்கும் நடுவுல எத்தன அடின்னு அளக்கச் சொல்லுங்க. கட்டும்போது அந்த அளவ தாண்டக்கூடாது, அவ்வளவுதான் ரூல்.

அப்பறம் திருமலை நாயக்கர் மஹாலக் கட்டச் சொல்லுங்க. 1636ல கட்டுனது, செங்கல்லும் சுண்ணாம்பும். அங்க உத்திரத்துக்கு பதிலா வளைவு, பாரம் வளைவு வழியா அமுக்கிக்கிட்டே தூணுக்கு இறங்கிரும், அதான் இடைவெளி அம்புட்டு தாராளம். திருமலை நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்கு பிரிச்சுக் கொண்டுபோனது போக இப்ப மிஞ்சுனது கால்வாசிதான். நிக்கிற பகுதிய கல் கட்டையில கட்டட்டும், இல்லாமப் போன பகுதி எப்படி இருந்திருக்கும்ங்கிற யூகத்த கண்ணாடிக் கட்டையில. (கி.பி. 320 ரோம் நகரத்தையே கம்ப்யூட்டர்ல கட்டுன ரோம் ரீபார்ன்லயும் பெரும்பகுதி யூகந்தான்.)

இந்த கண்ணாடிக் கட்டைய நீ ஏன் இங்க வச்சேன்னு பக்கத்து பெஞ்சு பிள்ளை கேக்கட்டும், பதில் சொல்றதுக்கு மார்க் போடுங்க, அழகுக்குப் போடாதீங்க.