நூல் இல்லாத சாமி

மதிப்பிற்குரிய ஐயா,

என் தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டான். பொங்கல் படையலைத் தொடுவதில்லை. தேசிய கீதம் பாடுவதில்லை. அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது மூத்தவர் ஒருவர், "மத சுதந்திரம் என்பது தொன்மையான பெரிய மதங்களுக்கு உரியது, நேற்று முளைத்த கூட்டங்களுக்கெல்லாம் அதைக் கொடுக்க முடியாது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லா நம்பிக்கைகளுக்கும் ஒரே பாதுகாப்பு என்றால், நரபலி கொடுப்பவனுக்கும், கோயிலில் ஆடு வெட்டும் மூடநம்பிக்கைக்கும், கடவுளே இல்லை என்பவருக்கும் அது சேருமா? எங்கேதான் கோடு போடுவது?

க., நாமக்கல்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் மூன்று நாட்களாக என் மேசையில் கிடந்தது. நீங்கள் கேட்ட கேள்வி கடினமானது என்பதால் அல்ல. "கோயிலில் ஆடு வெட்டும் மூடநம்பிக்கை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. தம்பிக்காக நியாயம் கேட்டு எழுதிய கடிதத்தில் அடுத்தவர் சாமியைக் கொண்டுபோய் நரபலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்து மூத்தவர் உங்கள் தம்பிக்குச் செய்ததும் இதே காரியம்தான்.

எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நரபலி என்பது கொலை. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், பிறருடைய அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே மத சுதந்திரத்தைத் தருகிறது. ஆகவே அங்கே கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. மத சுதந்திரம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே நரபலியை எடுத்து வீசுவது விவாதத்தை முடிப்பதற்கான தந்திரமே அன்றி வேறில்லை. நாத்திகரைப் பொறுத்தவரை, அதே பிரிவு மதத்தைச் சொல்வதற்கு முன்பே மனச்சான்றைச் சொல்லிவிடுகிறது. கடவுள் இல்லை என்று ஒருவர் முடிவு செய்வதும் மனச்சான்றின் முடிவுதான். இதில் நீட்டிப் பேச ஒன்றும் இல்லை.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். 1985 ஜூலையில் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தேசிய கீதத்தின்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான் குற்றம். கேரள உயர் நீதிமன்றம் கீதத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து, இதில் எவருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல் எதுவும் இல்லையே என்று சொல்லி அவர்கள் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986 ஆகஸ்ட் 11 அன்று அந்தத் தீர்ப்பை மாற்றினார். அந்த நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம், நம் அறிவுக்கு ஒவ்வாமல் போகலாம், ஆனால் கேள்வி அதுவல்ல. அதை அவர்கள் மனதார, உண்மையாக நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்று அவர் எழுதினார். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். அதை அச்செடுத்து அந்த மூத்தவரின் மேசையில் வையுங்கள். அவர் படிக்க மாட்டார். ஆனாலும் வையுங்கள்.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் உங்கள் தம்பிக்குக் கிடைத்த இந்த நீதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும், கிடைக்காதவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

2003 ஆகஸ்டு இறுதியில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, 1950-ஆம் ஆண்டிலிருந்து புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த விலங்குகள், பறவைகள் பலியிடுதல் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு ஆட்சியர்களுக்கும் காவல்துறைக்கும் ஆணையிட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நாலு புத்தகம் படித்த திமிரில் அந்த ஆணையை வரவேற்று நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதிய அதே சொற்களைத்தான் நானும் சொன்னேன்.

அந்த ஐப்பசியில் என் அக்காள் மகனுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க் கரையில் இருக்கும் எங்கள் கருப்பசாமிக்கு, குழந்தை பிறந்தபோதே அப்பத்தா ஒரு கிடாயை நேர்ந்துவிட்டிருந்தாள். ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள், மொட்டையடித்த குழந்தை, தாய்மாமன் மடியாக என் மடி, மஞ்சள் தடவி மாலை போட்ட கிடாய், எல்லாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே வேம்பின் நிழலில் இரண்டு காவலர்களும் ஓர் அதிகாரியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கடுமையானவர் அல்லர். காது குத்திக்கொள்ளுங்கள், பொங்கல் வையுங்கள், கிடாயை மட்டும் வேனை விட்டு இறக்காதீர்கள் என்றார்.

அப்பத்தா அவர் முன்னால் போய் நின்றாள். "ஏஞ்சாமி, இதே கிடாய நான் கறிக்கடைக்காரனுக்கு வித்தா, அவன் நாளைக்கு ரோட்டோரத்துல அறுத்துத் தொங்கவிடுவான். அவன ஒரு வார்த்த கேக்க மாட்டீக. எங்கய்யா முன்னால வெட்டுனா மட்டும் குத்தமா? அப்ப குத்தம் கிடாயிலயா இருக்கு, எங்கய்யாகிட்டயா இருக்கு?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, "மேல இருந்து உத்தரவு, ஆத்தா" என்றார். நான் அப்பத்தாவின் கையைப் பிடித்து இழுத்து, "விடு அப்பத்தா, மானத்தை வாங்காதே" என்றேன். கிடாய் அதே வேனில் வீடு திரும்பியது.

அவள் கேட்ட கேள்விக்கு ஈடான ஒன்றை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே விசாரித்து முடித்திருந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்ட யொரூபா மக்களின் வழிவந்த சாந்தெரியா என்ற சமயத்தார், புளோரிடாவின் ஹயாலியா நகரில் வழிபாட்டிடம் அமைக்க முயன்றபோது, அவர்கள் கோழியும் ஆடும் பலியிடுவார்கள் என்பதற்காகவே நகர மன்றம் 1987-இல் தடைவிதிகளை இயற்றியது. உணவுக்காகக் கொல்வதற்குத் தடை இல்லை, சடங்குக்காகக் கொல்வதற்கு மட்டும் தடை. 1993-இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து அந்த விதிகளைச் செல்லாதவை என்றார்கள். விலங்கைக் காப்பது உண்மையான நோக்கமாக இருந்தால் கறிக்கடையையும் அது தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் அங்கே தண்டிக்கப்படுவது கொலை அல்ல, வழிபாடு. குத்தம் கிடாயிலா, ஐயாவிடமா என்று அப்பத்தா கேட்டதற்கு இதற்கு மேல் உரை தேவையில்லை.

இங்கே அப்படி ஒரு தீர்ப்பு எளிதில் வராது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றது. நல்ல நோக்கத்தில் சொன்னது. நாளடைவில் அது, இன்றியமையாததா இல்லையா என்று நீதிபதிகளே தேர்வு வைத்து மதிப்பெண் போடும் முறையாக மாறியது. 1958-இல் பக்ரீத் பசுப் பலி பற்றிய வழக்கில் நீதிமன்றம் இஸ்லாமியச் சட்ட நூலைப் புரட்டிப் பார்த்து, ஒருவருக்கு ஓர் ஆடு, அல்லது ஏழு பேருக்கு ஒரு பசுவோ ஒட்டகமோ என்று மாற்று வழி இருப்பதால் பசு கட்டாயம் இல்லை என்று முடிவு கட்டியது. 1961-இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், மூடநம்பிக்கையிலிருந்து பிறந்த பழக்கங்கள் மதத்தின் மேல் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாம், அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற எண்ணத்தையும் சேர்த்தார். 2004-இல், ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பினர் பொதுத் தெருவில் தாண்டவம் ஆடிச் செல்லும் ஊர்வலம் பற்றிய வழக்கில், 1955-இல் தோன்றிய சமயத்தில் 1966-இல்தான் தாண்டவம் புகுத்தப்பட்டது, எனவே அது இன்றியமையாதது அல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் நம் தேவகோட்டைக்காரரான ஏ.ஆர்.லட்சுமணன் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

இந்த வழக்குகளை வரிசையாகப் படித்தால் என்ன தெரிகிறது? பாதுகாப்பு பெரிய மதத்துக்கும் சிறிய மதத்துக்கும் இடையே வேறுபடுவதாக உங்கள் மூத்தவர் நினைக்கிறார். உண்மையான வேறுபாடு நூல் உள்ள நம்பிக்கைக்கும் நூல் இல்லாத நம்பிக்கைக்கும் இடையே இருக்கிறது. தேர்வறைக்குள் நூலோடு வருபவர் தோற்கலாம், ஜெயிக்கலாம். எங்கள் கருப்பசாமிக்கு அந்த அறைக்குள் நுழைவதற்கே வழியில்லை. அவருக்கு ஆகமம் இல்லை, ஸ்மிருதி இல்லை, உரையாசிரியர் இல்லை. ஓர் அரிவாள், ஒரு கோடாங்கி, மஞ்சள் நீர் தெளித்ததும் கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி ஒத்துக்கொண்டார் என்ற ஒரு புரிதல், அவ்வளவுதான் இருக்கிறது. ஜார்க்கண்டில் இயற்கையை வழிபடும் சர்னா பழங்குடியினர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கெனத் தனிக் குறியீடு கேட்டு, 2020-இல் சட்டமன்றத் தீர்மானம் வரை போனதும் இதே குறையினால்தான். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் தங்கள் மதம் சர்னா என்று எழுதியும், அவர்கள் "பிற" என்ற பெட்டிக்குள்தான் கிடந்தார்கள்.

இன்றியமையாமை என்ற சொல்லே எங்கள் சாமியிடம் பொருந்தவில்லை. நம் மொழி இதை நேர்த்திக்கடன் என்கிறது. கடன் பட்டவரிடம் அது இன்றியமையாததா என்று யாரும் கேட்பதில்லை. தீர்ந்ததா என்றுதான் கேட்பார்கள்.

இவ்வளவு வக்காலத்து வாங்கியபின் எனக்கு எதிராக உள்ளதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் நீங்கள் சொல்வீர்கள். எங்கள் கோயிலில் கிடாய்க் கறியை ஆண்கள்தான் சமைப்பார்கள், ஆண்கள்தான் உண்பார்கள். ஆயுள் முழுக்க நேர்ந்துவிட்ட அப்பத்தா ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பறையடிப்பவர்கள் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்ததை நான் பார்த்ததில்லை. சாமிக்கு வழிபாட்டு உரிமை கேட்கும் நான், இவற்றையும் அதே உரிமையில் சேர்த்துக் கேட்க முடியாது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவு எங்கள் எல்லைக்கல்லுக்கும் பொருந்தும். அரசு அன்று வேம்படியில் நாற்காலி போட வேண்டியிருந்தது என்றால், அந்தக் கல்லின் அருகேதான் போட்டிருக்க வேண்டும். பிறருக்கு என்ன தீங்கு என்று எல்லோரிடமும் ஒரே தராசில் நிறுத்துக் கேளுங்கள் என்கிறேன். உங்கள் சாமிக்கு ஆதார நூல் எங்கே என்று சிலரிடம் மட்டும் கேட்காதீர்கள் என்கிறேன்.

2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, கருப்பசாமிக்கு நூல் இல்லாவிட்டாலும் ஓட்டு இருந்தது. அதுவரை அந்தக் கிடாய் எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணில் கட்டிக் கிடந்தது. நேர்ந்துவிட்டதை விற்கவும் முடியாது, வீட்டில் அறுக்கவும் முடியாது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அப்பத்தா அதற்கு அகத்திக்கீரை வைத்துவிட்டு, தெற்குப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "பொறுத்துக்க ஐயா" என்பாள். என்னிடம் அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. மானத்தை வாங்காதே என்று சொன்னவனிடம் என்ன பேசுவது?

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் படையலைத் தொடாவிட்டால் அவருக்கென்று தனியாக ஒரு தட்டில், படைப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். வற்புறுத்த வேண்டாம், வருந்தவும் வேண்டாம். அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை. ஆனால் அதற்கு முன் அவரிடம் வேறொன்று கேளுங்கள். உங்கள் குலசாமியின் பெயர் என்ன, அது எந்த ஊரில் இருக்கிறது, உங்கள் தாத்தா காலத்தில் அதற்கு என்ன வெட்டினார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.