பழைய காடிலாக்கில் போனால் மிதப்பது போல இருந்தது ஏன்?

1950, 60களில் அமெரிக்காவில் வளர்ந்தவர்களிடம் வீட்டில் இருந்த காடிலாக் என்ற அமெரிக்கக் காரைப் பற்றிக் கேளுங்கள். "மிதந்து போகும்" என்பார்கள். இந்த மாதிரி நீளமான சொகுசுக் கார்களுக்கு அங்கே 'தரைப் படகு' என்றே செல்லப் பெயர்.

காரணம் ஸ்பிரிங்தான். 1959 காடிலாக் சுமார் 5.7 மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்கும் மேல் எடை. அவ்வளவு எடையை வேண்டுமென்றே மெத்தென்ற ஸ்பிரிங்குகள் மேல் உட்கார வைத்தார்கள். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள்: சங்கிலி குட்டையாக இருந்தால் வெடுக்வெடுக்கென்று ஆடும், நீளமாக இருந்தால் நிதானமாகப் போய் வரும். மெத்தென்ற ஸ்பிரிங் அந்த நீளச் சங்கிலி மாதிரி, பள்ளத்தில் கார் ஒருமுறை மெல்லத் தாழ்ந்து எழும். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிப்போனதில் ஆச்சரியமே இல்லை! வளைவில் மட்டும் ஒரு பக்கமாகச் சாயும். ஆனால் நேரான நெடுஞ்சாலையும் மலிவான பெட்ரோலும் இருந்த நாட்டில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம்தான் கார்கள் சுருங்கத் தொடங்கின.

சரி, இவ்வளவு இரும்பு இருப்பதால் விபத்தில் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மோதலின் வேகத்தை உள்வாங்கி நசுங்கும்படி அமைத்த முன்பகுதி அந்தக் கார்களில் கிடையாது, அதனால் அடி உள்ளே இருப்பவர்களுக்கே போய்ச் சேரும்.